கேட்டுவிட்டுத் தொடுகிறவர்

காலை ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். ரம்புக்கனை ரயில் நிலைய மேடையில் முதலில் கண்ணில் பட்டது பன் புல்லில் பின்னிய ஒரு கூடை. அதன் வாய் ஈரத் துணியால் கட்டப்பட்டிருந்தது. கூடையை இரண்டு கைகளாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றார். வெள்ளைச் சேலை, கன்வஸ் சப்பாத்து, கக்கத்தில் ஆண்கள் பிடிக்கும் கறுப்புக் குடை. சேலைக் கரையில் ஒரு சாண் உயரத்துக்குச் சேறு.

அறுபதுகளின் கடைசி அது. நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் அச்சுப்படி திருத்திக்கொண்டிருந்தேன். மனைவிக்கு ரம்புக்கனைப் பக்கத்தில் ஆசிரியை வேலை. ஆகவே எனக்கு நாள்தோறும் அந்த அதிகாலை வண்டிதான்.

மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. அதன்மேல் ஒரு சிங்களப் பெண்ணின் பை. அந்தப் பெண் நல்ல தூக்கத்தில் இருந்தார். வேறு யாராவது என்றால் பையைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் பொல்கஹவெல வரை கூடையோடு நின்றுகொண்டே வந்தார். அங்கே பெட்டிகள் குலுங்கியதில் அந்தப் பெண் விழித்துக்கொண்டார். பையை நகர்த்தலாமா என்று இவர் சிங்களத்தில் கேட்டார்.

"ஐயோ, என்னை எழுப்பியிருக்கலாமே!" என்றார் அந்தப் பெண்.

"தூக்கத்துல எப்பிடிக் கேக்குறது?" என்று என்னைப் பார்த்துத் தமிழில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு, "ஐயா, இத ஜன்னலோரமா காத்துப்படுற மாதிரி வச்சுக்கலாமுங்களா?" என்று என்னிடம் கேட்டார். ஆம் என்று சொன்ன பிறகுதான் கூடை அங்கே வந்தது.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை, புதன்கிழமையில், அவர் அந்த வண்டியில் வந்தார். மூன்று மைல் தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தின் மருத்துவச்சி அவர் என்பது இரண்டாவது தடவை தெரிந்தது. நான் பத்திரிகையில் வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் எனக்குப் பேப்பரய்யா என்று பெயர் வைத்தார். அப்படிக் கூப்பிடலாமா என்று முதலில் கேட்டார்.

எதையும் கேட்காமல் தொடாத ஆள் அவர். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அம்மைப்பால் கீறப் போனால், இரண்டு வயதுப் பிள்ளையின் முன் குந்தி உட்கார்ந்து, "கைய தாறியா? கொஞ்சம் நோகும்" என்பாராம். மாட்டேன் என்று பிள்ளை தலையாட்டினால் அடுத்த பிள்ளையிடம் போவார். சுற்றி முடித்து மறுபடி வந்து அதே கேள்வி. நான்காம் சுற்றில் பிள்ளைகள் அலுத்துப்போய்க் கையை நீட்டிவிடும் என்று சொல்லிச் சிரித்தார். பிரசவ வலியில் கத்துகிறவளிடமும் ஒவ்வொரு தடவையும், "பாக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார். தோட்டத்து மருந்துச்சாலையை நடத்திய டொக்டரையாவுக்கு இது பெரிய எரிச்சல்.

"நீங்க மாட்டுக்கிட்டயும் கேட்டுத்தான் பால் கறப்பீங்க போல" என்றாராம் ஒரு நாள்.

"ஆமாங்க. அது உதைக்கிறது பதிலுதானே."

இதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு நாள் மீரிகம தாண்டியதும் வேறொன்று சொன்னார். பிரசவமான ஒருத்திக்கு இரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம், வீட்டில் மற்றப் பிள்ளைகள் தனியாக இருக்கின்றன என்றாளாம். மறுபடி கேட்டிருக்கிறார். மூன்றாம் முறை கேட்கும்போது பதில் சொல்ல அவளுக்கு நினைவு இல்லை. லொறி கேகாலைக்குப் போய்ச் சேருமுன் இறந்துவிட்டாள்.

"அன்னைக்கிக் கேட்டிருக்கக் கூடாதுங்க" என்றார்.

கூடைக்குள் என்ன என்று நான் கேட்டது மூன்றாவது புதன்கிழமை. "இதுக்குள்ள என்ன இருக்கு எண்டு கேட்கலாமோ?"

"கேக்கலாம். சொல்லலாமான்னு அந்தப் புள்ளகிட்ட கேட்டுட்டு அடுத்த தடவ சொல்றேங்க."

பத்திரிகையில் வேலை செய்கிறவனைப் பதினைந்து நாள் ஒரு விடைக்காகக் காக்க வைத்தார். அடுத்த தடவை உட்கார்ந்ததும் அவராகவே தொடங்கினார்.

"கேட்டேங்க. சொல்லுங்க, ஆனா பேப்பர்ல பேரு வந்தா அத்தக்கி வெட்கமா இருக்கும்ன்னா."

ஆகவே இங்கே அவளைப் பூமணி என்று எழுதுகிறேன். அது அவளுடைய பெயர் இல்லை. மருத்துவச்சியின் பெயரை எழுதலாமா என்று அவரிடம் நான் கடைசிவரை கேட்கவில்லை. அதனால் அதையும் எழுதவில்லை.

பூமணிக்கு அப்போது இருபது வயது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். கட்டிக்கொண்ட சிவலிங்கமும் அதே தோட்டம்தான். கல்யாணமாகி ஒரு வருடத்தில் குளிக்காமல் நின்றாள். மூன்றாம் மாதத்தில் ஆறு மாத வயிறு தெரிந்தது. ரெட்டைப் பிள்ளை என்று லயத்துப் பெண்கள், தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள், கேலி செய்தார்கள். சிவலிங்கத்தின் அம்மா இரண்டு தொட்டிலுக்குச் சேலை ஒதுக்கி வைத்தாள். வயிற்றைத் தடவிப் பார்த்த மருத்துவச்சிக்கு மட்டும் சரியாகப் படவில்லை. பிறகு இரத்தம் பட ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் வெளியே வந்தது பிள்ளை இல்லை. ஊறவைத்த சவ்வரிசி போல, கொத்துக் கொத்தாக, ஒரு பேசின் நிறைய நீர்க்குமிழ்கள். தமிழில் இதற்கு முத்துப்பிள்ளை என்று ஒரு பெயர் உண்டு.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். சிலருக்கு முடிவதில்லை. ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சம் கருப்பைக்குள் புற்றாக வளரும், இரத்தத்தோடு நெஞ்சுக்கு ஏறும். அதைக் கண்டுபிடிக்க அப்போது இருந்த வழி தவளை. காலையில் எழுந்ததும் வரும் முதல் மூத்திரத்தைத் தவளையின் உடம்பில் ஊசியால் ஏற்றுவார்கள். சில மணி நேரத்தில் தவளை விடை காட்டும். இரண்டு மாதம் கழித்தும் பூமணியின் தவளைகள் நோய் இருக்கிறது என்றே காட்டின.

கொழும்பில் பெரிய டொக்டர் கருப்பையை எடுத்துவிடலாம் என்றார். புதிதாக ஒரு மாத்திரை வந்திருந்தது. அதைத் தின்று கருப்பையோடே பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் மாத்திரைக்குப் பிறகு இரண்டு வருடம் விடாமல் சோதிக்க வேண்டும். ஒரு சோதனை தவறினாலும் நோய் திரும்பி வருவது தெரியாமல் போகும்.

"'இவங்க திரும்பி வர மாட்டாங்க நர்ஸ்'ன்னாருங்க. கெட்ட மனுசன் இல்ல. போன வருசம் ரெண்டு பேரு அப்பிடித்தான் மலைக்குப் போயிட்டு வராமலே இருந்திருக்காங்க. ஒருத்தி இரத்தமா இருமிக்கிட்டு வந்து அவரு கையிலயே போயிட்டாளாம். கண்ணு கலங்கித்தான் சொன்னாரு."

சத்திரசிகிச்சைக்குச் சம்மதத் தாள் தயாராக இருந்தது. அதில் சிவலிங்கத்தின் பெருவிரல் ரேகையை வாங்கிவிட்டார்கள். மருத்துவச்சி தாளைப் பார்த்தார். "இந்தப் புள்ளகிட்ட கேட்டீங்களாய்யா?" என்றார்.

புருஷன் கைநாட்டு வைத்த பிறகு இவளிடம் என்ன கேட்பது என்றாராம் டொக்டர். கேட்க அரை மணி நேரம் தாருங்கள் என்றாராம் இவர்.

கட்டிலோரத்தில் நடந்த பேச்சை எனக்கு அப்படியே ஒப்பித்தார். செய்தியாளருக்குத் தேவையான ஞாபகம் அவருக்கு இருந்தது.

"எடுக்கலன்னா செத்துருவேனாம்மா?"

"சாகலாம். பொய் சொல்ல மாட்டேன்."

"மாத்திர தின்னா?"

"பொழைக்கலாம். வாயெல்லாம் புண்ணாகும், முடி கொட்டும், சோறு எறங்காது. அப்புறம் ரெண்டு வருசம் ஒண்ணுக்குப் பிடிச்சுக் கொழும்புக்குக் கொண்டுவரணும். அது முடியிற மட்டும் வயித்துல புள்ள வரக் கூடாது."

"ஏன்?"

"புள்ள வந்தாலும் தவள அதே பதிலத்தான் சொல்லும். புள்ளயா நோயான்னு பிரிக்கத் தெரியாது."

பூமணி யோசித்தாளாம். பிறகு, "போத்தல யாரு கொண்டு போறது? வேலைக்குப் போகாட்டி பேரு வெட்டிருவாங்களே" என்றாளாம்.

"அத நான் யோசிக்கவே இல்லீங்க பேப்பரய்யா" என்றார் மருத்துவச்சி. "கேக்கத்தான் தெரியுது, மேல யோசிக்கலையே. அப்பத்தான் நான் கொண்டு போறேன்னு வாயில வந்துருச்சு."

"அப்ப எடுக்க வேணாம், நான் வச்சுக்கிறேம்மா" என்றாள் பூமணி.

டொக்டர் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. கோப்பில் பூமணியின் பெயருக்குக் கீழே குத்தி வைத்தார். ஒரு போத்தல் தவறினால் இந்தத் தாள் வெளியே வரும், அன்றைக்கு நானும் கேட்க மாட்டேன், நீங்களும் கேட்கக் கூடாது என்றார். மருத்துவச்சி ஒப்புக்கொண்டார்.

மாத்திரை மூன்று தடவை கொடுத்தார்கள். மூன்று தடவையும் பூமணி தண்ணீரைக் கூட விழுங்க முடியாமல் கிடந்தாள். பிறகு தவளை இல்லை என்று சொன்னது. அதற்குப் பிந்திய இரண்டு வருடம்தான் நான் கண்ட அந்தக் கூடை.

சிவலிங்கத்திடமும் மருத்துவச்சி கேட்க வேண்டியிருந்தது. இரண்டு வருடம் அண்ணன் வீட்டுக் காம்பராவில் படுத்துக்கொள்கிறாயா என்று. அவன் தலையைச் சொறிந்தானாம். "கேக்குற மாதிரித்தான் கேக்குறீங்க, வேற பதிலு சொல்ல முடியுமா?" என்றானாம். முடியும் என்றாராம் இவர். அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு போனான். பிரட்டுக் களத்தில், அதாவது காலையில் பெயர் பதியும் இடத்தில், மற்ற ஆண்கள் விடவில்லை.

"என்னடா மாப்புள, பொண்டாட்டி பேரு வெட்டிட்டாளா?"

"பேரு இருக்கு. வேலதான் இல்ல" என்பானாம் அவன்.

புதன்கிழமைகளில் காலை மூன்றரைக்குப் போத்தலைக் கொண்டுவந்து மருத்துவச்சியின் வீட்டு வாசலில் கொடுப்பது அவன். கொட்டும் மழையில் ஒரு நாள், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து நின்றவன், "தாலி கட்டுனது நானு. கைக்கு வர்றது போத்தலு மட்டுந்தான்" என்றானாம். அவர் இதைச் சொல்லும்போது பெட்டியே சிரித்தது.

பெட்டிக்கு எல்லாம் தெரியும். அதற்கு ஒரு டிக்கட் பரிசோதகர் காரணம். வண்டியில் கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம், கடத்துகிறார்கள் என்று கெடுபிடியாக இருந்த காலம். ராகமவுக்குக் கிட்ட அவர் கூடையைக் கண்டார்.

"அம்மே, மே மொனவாத?" இது என்ன என்று கேட்டவர், பதிலுக்கு நிற்காமல் துணியை அவிழ்த்தார், போத்தலைத் தூக்கினார், மூடியைத் திறந்து மூக்கை உள்ளே வைத்தார்.

அவருடைய முகத்தை நான் விவரிக்கவில்லை.

மருத்துவச்சி எழுந்து போத்தலை வாங்கி மூடினார். "கேட்டீங்க. கொஞ்சம் பொறுத்திருந்தா சொல்லியிருப்பேனே மாத்தயா" என்றார் சிங்களத்தில். பிறகு எதற்காக என்று நாலு வரியில் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை. பரிசோதகர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எந்தப் புதன்கிழமை அவரைக் கண்டாலும், "அத கோமத?" என்பார். இன்றைக்கு எப்படி என்று.

"ஹொந்தய்" என்பார் இவர். நல்லது என்று.

ஒரு தடவைதான் அந்தக் கேள்விக்கு அந்த விடை கிடைக்கவில்லை.

ஆய்வுகூடம் கொடுத்த போத்தல்கள் இரண்டு. ஒன்று மருதானையில் கூட்டத்தில் நசுங்கி உடைந்தது. மற்றது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அவருடைய சமையலறையில் விழுந்தது. மறுநாள் கொண்டுபோயாக வேண்டும். அன்றிரவே ரப்பர் பெக்டரி வழியாக நடந்துபோய், ஜன்னல் கட்டையில் கழுவிக் கவிழ்த்திருந்த ஒரு மண்ணிறப் போத்தலை எடுத்தார். ரப்பர் மூடியோடு நல்ல போத்தல். சுற்றுமுற்றும் ஆள் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுடுநீரால் மூன்று முறை அலசினார்.

அடுத்த வாரம் ஆய்வுகூடத்திலிருந்து அட்டை வந்தது. தவளை ஒரு மணி நேரத்தில் செத்துவிட்டது, முடிவு இல்லை, மூன்று நாளுக்குள் வேறு மாதிரி அனுப்புக. கீழே டொக்டரின் கையெழுத்தில், தாள் கோப்பில் இருக்கிறது என்று ஒரு வரி.

மருத்துவச்சி பூமணியிடம் எதையும் மறைக்கிறவர் இல்லை. லயத்து வாசலில் வைத்துச் சொன்னார். பூமணியின் மாமியார் காதில் விழுந்தது.

"தவள செத்துப்போச்சா? இவ ஒண்ணுக்குத் தொட்டா?"

மாலைக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்தது. பூமணியின் உடம்பில் விஷம் ஓடுகிறது என்றார்கள். மாத்திரை கொடுத்த விஷம் என்றார்கள் சிலர். மறுநாள் பால் சேர்க்கும் இடத்தில் அவளுடைய வாளியைத் தனியாக வைக்கச் சொன்னார்கள். அவள் வைத்த இடத்துக்கு இரு பக்கமும் யாரும் வாளி வைக்கவில்லை. மாமியார், "எடுக்கச் சொன்னப்பவே எடுத்திருந்தா எம்புள்ள இப்பிடி அநாதையா அண்ணன் வீட்டுல கெடப்பானா?" என்று லயம் கேட்கக் கத்தினாள். பூமணி அன்று மாலை மருத்துவச்சியின் வீட்டுக்கு வந்து, "போதும்மா. எடுத்துறச் சொல்லுங்க" என்றாளாம்.

"ஒன்னயே கேட்டுச் சொல்றியா, கோவத்துல சொல்றியா?"

"தெரியலம்மா."

"அப்ப நாளைக்கிச் சொல்லு."

அன்றிரவு அவர் தூங்கவில்லை என்று மட்டும் சொன்னார். காலையில் அந்த மண்ணிறப் போத்தலைத் திருப்பி வைக்கப் பெக்டரிக்குப் போனார். பால் உறைய வைக்கும் பியதாச, பதினைந்து வருடமாகத் தமிழரோடு வேலை செய்கிறவன், அதைக் கண்டதும் கத்தினான்.

"ஐயோ அம்மே, அது அசிட் போத்தல் நே! நான் தேடுறேன் ஒரு வாரமா. கண்ணாடி கழுவினா போகும். மூடி ரப்பர். அதுக்குள்ள ஊறியிருக்கும், கழுவினா போகாது."

பாலை உறைய வைக்க விடும் அமிலம் அது. மருத்துவச்சி அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் அம்மே என்கிட்ட கேக்க இல்ல?" என்றான் பியதாச.

அடுத்து நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. பின்னர் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். மூவரும் ஒன்றையே சொன்னார்கள். பிரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடத் தொடங்கியபோது மருத்துவச்சி போத்தலோடு போய் நின்றார். ஒரு நிமிடம் பேசலாமா என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டார். பிறகு போத்தலைத் தூக்கிக் காட்டினார்.

"இது அசிட் போத்தலு. இதுல ஊத்திக் கொண்டுபோனது நானு. தவளயக் கொன்னதும் நானுதான். பூமணி ஒடம்புல வெசம் இல்ல. கேக்காம எடுத்தேன். அதுதான் நடந்தது."

பின்வரிசையில் ஒரு கிழவர், "அப்ப தவள வீட்டுக்காரங்க அம்மா மேலதான் கேஸ் போடணும்" என்றார். களம் சிரித்தது. மாமியார் சிரிக்கவில்லை. அன்று மத்தியானம் பால் சேர்க்கும் இடத்தில், அவள் வரிசையிலிருந்து வெளியே வந்து, தனியாக இருந்த பூமணியின் வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் வாளிக்குப் பக்கத்தில் வைத்தாள். பூமணியும் அன்று மாலை மருத்துவச்சியிடம் வந்து, "வச்சுக்கிறேம்மா" என்றாள்.

மூன்று நாளில் மிஞ்சியது ஒன்று. மருத்துவச்சிக்கு இன்னொரு நாள் லீவு கொடுக்க டொக்டரையா மறுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை விடியுமுன் அவர் நிலையத்துக்கு வந்து, கூடையோடு என் முன் நின்றார். புதுப் போத்தல். கடையில் வாங்கியது.

"பேப்பரய்யா, இத நீங்க கொண்டுபோய்க் குடுப்பீங்களா? வேணாம்னா வேணாம்னு சொல்லலாம். கோவிச்சுக்க மாட்டேன்."

அவர் வேண்டாம் என்று சொல்ல இடம் வைத்தது வெறும் மரியாதைக்காக இல்லை. வேண்டாம் என்றால் என்ன செய்வது என்பதற்கும் அவரிடம் ஏற்பாடு இருந்தது: திரும்பி நடந்துபோய், வேலையை விட்டுவிட்டு, அடுத்த வண்டியில் தானே போவது. இது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது நான் கூடையைப் பார்த்தேன். யாரோ ஒருத்தியின் மூத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு கொழும்பு வரை போவதா என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் தோட்டத்து ஆட்களுக்குத் தனிக் கோப்பை வைத்திருந்தார்கள். அதுவும் நினைவுக்கு வந்தது. கைகாட்டி விழுந்து வண்டியின் வெளிச்சம் தெரியும்வரை அவர் அதே இடத்தில், அதே முகத்தோடு, பதிலுக்காக நின்றார்.

"தாங்கோ" என்றேன்.

ராகமவுக்குக் கிட்டப் பரிசோதகர் வந்தார். கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிக்கட்டைக் கேட்க மறந்துவிட்டு, "அத கோமத?" என்றார். நாளை தெரியும் என்றேன். முடிவு, நோய் இல்லை என்று வந்தது.

இரண்டு வருடம் முடிந்த அன்று டொக்டர் கோப்பிலிருந்து அந்தத் தாளை உருவி மருத்துவச்சியிடம் நீட்டினார். "அது என்னோடது இல்லீங்களே" என்று அவர் வாங்கவில்லை. பூமணி வாங்கினாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. புருஷனின் பெருவிரல் ரேகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சிவலிங்கம் அன்று மாலை பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தபோது லயத்துப் பையன்கள் தகரம் தட்டினார்களாம்.

அதற்குப் பிறகு ஒன்றேகால் வருடம் மருத்துவச்சி அந்த வண்டியில் வரவில்லை. புதன்கிழமைகளில் அந்த ஜன்னலோரம் யாராவது மூட்டை வைத்தார்கள்.

மறுபடி அவரைக் கண்டதும் அதே மேடையில், அதே ஐந்து மணி பன்னிரண்டுக்கு. இந்தத் தடவை கூடையோடு மூன்று பேரும் ஒரு பொட்டலமும். பூமணியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நான் நினைத்ததைவிடக் குட்டையானவள். தலைமுடி தோளுக்குக் கீழே வளர்ந்திருந்தது. பக்கத்தில் சிவலிங்கம், தோய்த்த சட்டையின் மேல் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு. பொட்டலத்தில் ஆறு வாரப் பெண் பிள்ளை. முத்துப்பிள்ளை வந்தவளுக்கு, பிறகு ஒரு நல்ல பிரசவம் நடந்தாலும், கடைசியாக ஒரு தடவை சோதிக்க வேண்டும் என்பது டொக்டரின் விதி. பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்தது. மருத்துவச்சி அன்று வேறொரு லயத்தில் வேறொருத்தியோடு இருந்தார். அதன் பிறகும் பிள்ளையைத் தினமும் எட்டிப் பார்த்தாராம். தூக்கவில்லையாம்.

"ஏனம்மா?" என்று கேட்டேன்.

"கேக்க வெட்கமா இருந்துச்சுங்க."

அவர் வெட்கப்பட்டு நான் கண்டது அன்றுதான். பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பிள்ளையைப் பார்த்தார். பிறகு பூமணியைப் பார்த்தார்.

"தூக்கட்டுமாடி?"

"உங்களுக்கு என்னம்மா கேள்வி?"

"கேக்காமத் தூக்க மாட்டேன்."

"இவங்கள மாத்த முடியாது" என்றான் சிவலிங்கம் என்னிடம்.

பூமணி பிள்ளையை நீட்டினாள். அவர் பக்கத்தில் இருந்த கூடையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஈரத் துணி அவளுடைய சேலையை நனைத்தது. அவள் நகர்த்தவில்லை. பொல்கஹவெலவில் பெட்டிகள் குலுங்கியபோது பிள்ளை விழித்து, அழலாமா என்று யோசித்து, மருத்துவச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கியது. ராகமவில் பரிசோதகர் வந்தார். அவருக்கு நரை விழுந்திருந்தது. கூடை இருந்த மடியைப் பார்த்தார், பிள்ளை இருந்த மடியைப் பார்த்தார். கேள்வியை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நின்றார்.

"ஹொந்தய் மாத்தயா" என்றாள் பூமணி.

ஆய்வுகூடத்தின் அட்டை அடுத்த புதன்கிழமை தபாலில் வந்தது. நோய் இல்லை. பிள்ளை அந்த வாரம் ஒன்பது இறாத்தல் இருந்தது.